ஜோடிக்கிளி வாணம்

புதுடெல்லி,
12 ஆகஸ்டு 1959

என் பிரியமான அக்காளுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் ஞானதீபமும் சுகம். நீயும் அத்தானும் மருமகள் இன்பமும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறோம். என் போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. அக்காளுக்குப் பரீட்சைத் தாள் திருத்துகிற வேலை இருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு மனதைத் தேற்றிக்கொண்டேன்.

சங்கதி என்னவென்றால், எனக்கு செக்ஷன் மாறியிருக்கிறது. இத்தனை காலம் தந்தி ஆபீஸ்களுக்கு நாற்காலி மேஜை வாங்குகிற பைல்களைப் பார்த்துக்கொண்டிருந்தவனை விமானப் போக்குவரத்துப் பிரிவில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டார்கள். விமானத்தில் ஏறியவனா நான்? பக்கத்தில் நின்றுகூடப் பார்த்ததில்லை. ஆனால் இந்த ஆபீஸில் நடக்கிறதைப் பார்த்தால் எனக்கு மூச்சு நின்றுவிடும்போல் இருக்கிறது, அக்கா.

வந்த வாரத்திலேயே ஒரு பைல். வடக்கே ஓர் இடம், பேரை எழுதக்கூடாது. அந்த இடத்துக்கு மேலே எந்த விமானமும் பறக்கக்கூடாது என்று ஓர் உத்தரவு. மொத்தமே ஒரு பாராதான். நான்தான் டைப் அடித்தேன். மேலே போய், இன்னும் மேலே போய், கடைசியில் மந்திரி ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அரசிதழில் அச்சாகி வெளிவந்தது. அவ்வளவுதான். அன்று முதல் அங்கே மேலே ஒன்றும் போவதில்லை. வேலி போட்டார்களா, ஆள் நிறுத்தினார்களா, ஒரு கயிறாவது கட்டினார்களா? ஒன்றும் இல்லை. பெரிய பெரிய விமானங்கள், நூறு பேரை ஏற்றிக்கொண்டு கடல் தாண்டி வருகிறவை, அந்த எல்லை வந்ததும் தாமாகவே விலகிப் போகின்றன.

ஆண்டவர் சொன்னார், அது ஆயிற்று என்று ஞாயிறு பள்ளியில் நீதானே எங்களுக்குச் சொல்லித்தந்தாய். மனிதர் சொல்லியும் ஆகிறதைக் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கு ஆபீஸ் விட்டு வரும்போது சைக்கிளை நிறுத்திவிட்டு வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஞானதீபம் தன் புருஷனுக்குக் கிறுக்கு பிடித்துவிட்டது என்கிறாள்.

இன்பத்துக்குப் பார்த்த இடம் என்ன ஆயிற்று? மறைக்காமல் எழுது.

உன் தம்பி,
ராஜசிங்


எம். புதுப்பட்டி,
23 ஆகஸ்டு 1959

தம்பி ராஜசிங்குக்கு,

பரீட்சைத் தாள் ஒன்றும் இல்லை. சோம்பல்தான். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

உன் கடிதத்தை உன் அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கேட்டார். "ஆகாயத்துக்கே பூட்டு போடுறாகளா? அப்ப சாவி யாருகிட்ட இருக்கும்?" என்றார். பேசாமல் சாப்பிடுங்க என்றேன். ஆனால் எனக்கும் உள்ளுக்குள் என்னமோ செய்தது. மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு என் முந்தானையைப் பிடித்து நடந்த பயல், அவன் விரல் அடித்த எழுத்துக்கு ஆகாயத்தில் போகிறவன் விலகிப்போகிறான் என்றால் என்னவென்று சொல்லுவது. அப்பா இருந்திருந்தால் கோவிலில் எழுந்து நின்று சாட்சி சொல்லியிருப்பார்.

எங்களுக்கு மேலேயும் ஒன்று போகிறது, தெரியுமா? சாயங்காலம் திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்குப் போகிற விமானம். அது வருகிற சத்தம் கேட்டால் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து காயப்போடுகிற பெண்கள் எல்லாரும் நிமிர்ந்துவிடுவார்கள். அவர்களில் முத்துப்பேச்சி என்னிடம் கேட்கிறாள், "டீச்சர், உள்ளுக்க இருக்கவுகளுக்கு நாம தெரிவமா?" என்று. தெரியமாட்டோம் என்று சொல்ல மனம் வரவில்லை. தெரிவோம் என்று சொல்லிவைத்தேன். மறுநாள் தலையில் பூ வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

இன்பத்துக்கு இடம் முடிந்தது. மாப்பிள்ளை சாத்தூரில் கம்பவுண்டர். நல்ல பிள்ளை, சத்தம்போட்டுப் பேசத் தெரியாது. உன் மருமகள் அதையும் சேர்த்துப் பேசிக்கொள்வாள். ஜனவரியில் கல்யாணம். நீ இப்போதே லீவுக்கு எழுதிப் போடு. நம் குடும்ப வழக்கம் உனக்கு மறந்திருக்காது. கோவில் வாசலில் பெண்ணை வண்டியிலிருந்து கைப்பிடித்து இறக்குகிறது தாய்மாமன். பிறகுதான் அப்பன் உள்ளே கூட்டிப்போவான். என்னை நம் மாமா இறக்கியபோது நீ பின்னால் நின்று அழுதாய்.

உன் அத்தான் ஆளே மாறிப்போய்த் திரிகிறார். கருப்பணன் முதலாளி கல்கத்தாவிலிருந்து பெரிய ஆர்டர் பிடித்திருக்கிறார். புதுசாக ஒரு வாணம் வேண்டுமாம். மேலே போய் வெடித்ததும் சிவப்பு மணியும் பச்சை மணியும் நட்சத்திரம்போல் ஒன்றாகக் கொட்ட வேண்டும். சிவப்பு வந்தால் பச்சை மங்கிவிடுகிறது, பச்சை நின்றால் சிவப்பு முந்திக்கொள்கிறது. மூன்று மாதமாக இதே பேச்சு. கிளியின் உடம்பும் மூக்கும்போல் வரவேண்டுமாம், அதனால் ஜோடிக்கிளி என்று பேர் வைத்து லேபிள்கூட அச்சாகிவிட்டது. பொழுதடையும் நேரம் ஊருக்கு வெளியே பொட்டலில் நின்று விட்டுப் பார்க்கிறார். ஒன்று விட்டதும் அடுத்ததைக் கொளுத்த மாட்டார். புகை கலைய வேண்டுமே. அதற்காகப் பரமண்டல ஜெபத்தை வேகமாக ஒருமுறை சொல்லி ஆமென் போட்டுவிட்டுத்தான் அடுத்த திரியில் நெருப்பு வைப்பார். போர்மேனாகச் சேர்ந்த நாளிலிருந்து அதுதான் அவருக்குக் கடிகாரம். பாதிரியாருக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ.

ஞானதீபத்துக்கு என் முத்தம்.

அக்காள்,
ஞானபூரணி


புதுடெல்லி,
5 அக்டோபர் 1959

அன்புள்ள அக்காளுக்கு,

இந்தக் கடிதத்தை அத்தானும் நீயும் மட்டும் வாசிக்கவும்.

போன மாதக் கடைசியில் ஒருநாள் சாயங்காலம், நீ எழுதின அந்த மதுரை விமானம் மேற்கு மலையைத் தாண்டி வந்திருக்கிறது. நல்ல மேகமாம். மேகம் விலகின இடத்தில், சாத்தூருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, தரையிலிருந்து வாணம் எழும்பியதை விமானி பார்த்தார். வெடித்ததும் சிவப்பும் பச்சையுமாக நட்சத்திரம் கொட்டியது. சற்று நேரம் பொறுத்து இன்னொன்று, அதேபோல். பிறகு இன்னொன்று.

அக்கா, உலகம் பூராவும் விமானிகளுக்கு ஒரு பாஷை இருக்கிறது. நம் அரசாங்கமும் அதை விதியாகப் போட்டிருக்கிறது. கீழேயிருந்து இடைவெளி விட்டு விட்டு வாணம் வந்து, ஒவ்வொன்றும் சிவப்பும் பச்சையுமாக வெடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். "நீ தடைசெய்த இடத்துக்குள் வருகிறாய், விலகிப் போ." முதல் கடிதத்தில் சொன்னேனே, கயிறுகூட இல்லாத வேலி என்று. அந்த வேலி பேசுகிற பேச்சு அது.

விமானி விலகிவிட்டார். மேகத்துக்குள்ளே திரும்பி, தெற்கே சுற்றிக்கொண்டு, மதுரைக்குப் போய்ச் சேரும்போது வெளிச்சம் போய்விட்டது. அங்கே இருட்டில் இறங்க வசதி கிடையாது. ஓடுபாதை நெடுக மண்ணெண்ணெய் விளக்குகளை ஏற்றிவைத்துப் பிடித்திருக்கிறார்கள். ஒருவருக்கும் காயமில்லை. இருபது பேருக்கு மேல் உள்ளே இருந்தார்கள், அதில் கைக்குழந்தையும் ஒன்று.

இப்போது அறிக்கை எங்கள் பிரிவுக்கு வந்திருக்கிறது. அந்தப் பக்கம் தடை உத்தரவு எதுவும் மந்திரி போடவில்லையே, பின்னே யார் இந்த சைகை காட்டியது என்று மேலதிகாரிகள் கலங்கிப் போயிருக்கிறார்கள். ராணுவத்துக்கு எழுதிக் கேட்டாயிற்று. தங்களுக்குத் தெரியாது என்று பதில் வந்துவிட்டது. டெல்லியில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அறிக்கையில் "ஒரே சீரான இடைவெளி விட்டு" என்று விமானி எழுதியிருக்கிறார். எனக்கு அத்தானின் ஜெபம்தான் காதில் கேட்டது.

அது அத்தான்தானா? ஆமா இல்லையா என்று எழுது. பைல் என் மேஜையில் இருக்கிறது.

உன் தம்பி,
ராஜசிங்


எம். புதுப்பட்டி,
12 அக்டோபர் 1959

தம்பி ராஜசிங்குக்கு,

ஆம்.

வாசித்து முடித்ததும் உன் அத்தான் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். அப்புறம், "பூரணி, நான் புள்ளைக பாத்துச் சிரிக்கட்டும்னு செஞ்சேன். அது மேல போயி மந்திரி பேச்சைப் பேசிட்டு வந்திருக்கு" என்றார். கைக்குழந்தை பற்றி எழுதிய வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ராத்திரி சாப்பிடவில்லை.

எனக்குப் புல்லரித்துவிட்டது என்பதை ஒத்துக்கொள்ளுகிறேன். கந்தகமும் வெடியுப்பும் இடித்துக் கலக்குகிற இந்தப் பொட்டலில் நின்று ஒரு மனுசர் தெரியாமல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார், மேகத்துக்குள் இருக்கிற ஒருவருக்கு அது விளங்கிவிட்டது. நினைக்க நினைக்க எப்படியோ இருக்கிறது.

ஆனால் புல்லரிப்பு வயிற்றை நிறைக்காது. கருப்பணன் முதலாளியிடம் அத்தானே போய்ச் சொல்லிவிட்டார். அவர் முதலில் சிரித்தார். "என்ன போர்மேன், நம்ம வாணத்தைப் பாத்து ஏரோப்ளேன் ஓடுச்சா? இதைவிட விளம்பரம் வேணுமா?" என்றார். டெல்லியில் விசாரிக்கிறார்கள் என்றதும் அவர் முகம் செத்துப்போயிற்று. லைசென்சைப் பிடுங்கிவிட்டால் கம்பெனி மூடிவிடும். சீசன் நேரம். கல்கத்தா லோடு பாதிகூடப் போகவில்லை. புதுப்பட்டியில் பாதி வீட்டு அடுப்பு இந்தக் கம்பெனியால் எரிகிறது. முத்துப்பேச்சி வீட்டில் அவள் ஒருத்தி சம்பாத்தியம். உன் அத்தானைப் போலீஸ் வந்து கூட்டிப்போனால் சாத்தூர்க்காரர்கள் இன்பத்தை எடுப்பார்களா? சொல்லு.

நான் உன்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். டெல்லியில் ஒருவருக்கும் தெரியவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். தெரியாமலேயே இருக்கட்டும். அவர்கள் கேட்டால் நீயும் தெரியாது என்று சொல்லு. பேசாமல் இருக்கிறது பொய் ஆகாது. அத்தான் இனி அந்த வாணத்தைத் தொடமாட்டார். அது என் பொறுப்பு.

உன் அக்காள்,
ஞானபூரணி


புதுடெல்லி,
19 அக்டோபர் 1959

அன்புள்ள அக்காளுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாளாக நான் நன்றாகத் தூங்கவில்லை. நீ கேட்டதை நான் செய்யவில்லை. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நானும் முதல் நாள் நினைத்தேன். இரண்டாம் நாள் எங்கள் மேலதிகாரி சொன்னார், "யாருடையது என்று தெரியாவிட்டால், அந்தப் பக்கம் அப்படிச் சைகை தெரிந்தால் சட்டைசெய்ய வேண்டாம் என்று விமானிகளுக்கு எழுதிவிடலாம்" என்று. சட்டைசெய்யாமல் போகலாம் என்று ஒருமுறை எழுதிவிட்டால் என்ன ஆகும்? ஒருநாள் நிஜமாகவே கீழே பீரங்கிப் பயிற்சி நடக்கும். நிஜமாகவே சிவப்பும் பச்சையும் மேலே வரும். விமானி பார்த்து, இது சிவகாசிக்காரர்கள் விளையாட்டு என்று நேரே போவார். உள்ளே கைக்குழந்தை இருக்கும்.

இந்த ஆபீஸில் நான் கண்டு பிரமித்தது எல்லாம் ஒன்றுதான், அக்கா. மந்திரி கையெழுத்துக்கு வலிமை காகிதத்தில் இல்லை. எங்கோ மேகத்துக்குள் தனியாக இருக்கிற ஒருவர் அதை நம்பி விலகுகிறார் பார், அந்த நம்பிக்கைதான் வலிமை. அது ஓர் இடத்தில் கெட்டால் எல்லா இடத்திலும் கெட்டுவிடும்.

அதனால் நடந்ததை நடந்தபடி குறிப்பு எழுதி மேலே அனுப்பிவிட்டேன். அத்தான் பேர், ஊர், வாணத்தின் பேர் எல்லாம். போர்மேன் என் சொந்த அக்காள் புருஷன் என்றும் எழுதினேன். தெரியாமல் நடந்தது, குற்றமனம் இல்லை என்றும் எழுதினேன். முடிவு என் கையில் இல்லை. விமானியை ஏமாற்றும் பொய் வெளிச்சம் காட்டுகிறவர்களைத் தடுக்கவும் தண்டிக்கவும் அரசாங்கத்துக்கு அதிகாரம் இருக்கிறது. மன்னிக்கவும் இருக்கிறது.

என்மேல் கோபப்படு. அத்தானை மட்டும் சாப்பிடச் சொல்லு.

ராஜசிங்


எம். புதுப்பட்டி,
26 அக்டோபர் 1959

ராஜசிங்குக்கு,

மேகத்துக்குள் இருக்கிறவர் மேல் உனக்கு இருக்கிற கரிசனம் மண்ணில் இருக்கிற கூடப்பிறந்தவள் மேல் இல்லை. நல்லது.

விசாரணைக்கு அதிகாரிகள் வந்தார்கள். உன் அத்தான் ஒன்றையும் மறைக்கவில்லை. அவர்கள் கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். போன பிறகு, கட்டிவைத்திருந்த ஜோடிக்கிளி அத்தனையையும் தொட்டித் தண்ணீரில் முக்கச் சொன்னார். அவரேதான் சொன்னார், ஒருவரும் உத்தரவு போடவில்லை. முதலாளி தடுக்காமல் வெளியே போய் நின்றுகொண்டார். பெண்கள் வரிசையாக நின்று முக்கினார்கள். மூன்று மாத உழைப்பு ஊறிச் சேறாகிப் போயிற்று. முத்துப்பேச்சி விசும்பி விசும்பி அழுதாள். அவளுக்கு நீ ஒரு ஆறுதல் எழுதிப் போடு, குறிப்பு எழுதத்தான் உனக்கு நன்றாக வருகிறதே.

தீபாவளிக்குப் பிறகு கம்பெனி இருக்குமா இல்லையா என்று தெரியாது. சாத்தூரில் இதற்குள் காதோடு காதாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

கல்யாணம் நடந்தால் நீ வரவேண்டாம். அத்தானைக் காட்டிக்கொடுத்த கை என் பிள்ளையின் கையைப் பிடித்து இறக்க வேண்டியதில்லை.

ஞானபூரணி


புதுடெல்லி,
14 டிசம்பர் 1959

அன்புள்ள அக்காளுக்கு,

நான் போட்ட இரண்டு கடிதத்துக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. இதற்கும் வராது என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

உத்தரவு கையெழுத்தாகிவிட்டது. கருப்பணன் முதலாளிக்குத் தனியாகத் தபால் வரும். அதற்கு முந்தி நீ தெரிந்துகொள்ள வேண்டும். லைசென்சில் கை வைக்கவில்லை. அத்தான் மேல் வழக்கு இல்லை. அந்த வட்டாரத்தில் சிவப்பும் பச்சையும் ஒன்றாகக் கொட்டும் வாணத்தை முன்அனுமதி இல்லாமல் மேலே விடக்கூடாது என்பது மட்டும்தான். விமானிகளுக்கும் எழுதியாயிற்று. சைகை சைகைதான், பார்த்தால் விலகு என்று.

பைல் திரும்பி வந்தபோது ஓரத்தில் மந்திரி தம் கையால் ஒரு வரி எழுதியிருந்தார். "தானே முன்வந்து சரக்கை அழித்த அந்த போர்மேனுக்கு என் மரியாதையைத் தெரிவிக்கவும்." அதை வாசித்ததும் பக்கத்தில் ஆள் இருப்பதையும் பார்க்காமல் எழுந்து நின்றுவிட்டேன். ஆகாயத்தை மூடுகிற அதே பேனா, அக்கா. அத்தானிடம் சொல்லு.

இன்பத்துக்கு மாமன் சேலை பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஞானதீபம் கடை கடையாக ஏறி இறங்கி எடுத்தது. லீவு கிடைத்திருந்தது. எழுதிக்கொடுத்து ரத்து செய்துவிட்டேன். வரவேண்டாம் என்று நீ சொன்ன பிறகு வந்து நின்று உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன். அன்றைக்கு இங்கே கோவிலில் உங்களுக்காக ஜெபிப்போம்.

உன் தம்பி,
ராஜசிங்


எம். புதுப்பட்டி,
21 ஜனவரி 1960

தம்பி, என் ராஜசிங்கே,

கல்யாணம் முடிந்துவிட்டது. வீட்டில் ஆள் அடங்கி இப்போதுதான் உட்காருகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தி நானும் உன் அத்தானும் மதுரை விமான நிலையத்துக்குப் போனோம். அந்த விமானியைப் பார்த்து மன்னிப்புக் கேட்காமல் பெண்ணைக் கட்டிக்கொடுக்க மாட்டேன் என்று அவர் பிடிவாதம். சாத்தூர் காராச்சேவு ஒரு டின் வாங்கிக்கொண்டு போய் வெயிலில் காத்துக் கிடந்தோம். விமானம் வந்து இறங்கினது. அம்மாடி, எம்புட்டுப் பெரிசு. முத்துப்பேச்சி தலையில் பூ வைத்தது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். உன் அத்தான் கூப்பின கையை எடுக்கவே இல்லை.

விமானி வங்காளத்துக்காரர், சின்ன வயது. அத்தான் சொன்னதை நான் இங்கிலீஷில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. டின்னைத் திறந்து அங்கேயே தின்றார், காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நிஜமான சைகையா பொய்யா என்று உங்களுக்குச் சந்தேகமே வரவில்லையா?" என்று கேட்டேன். "அம்மா, கண்டதும் திரும்பிவிட்டேன். யார் காட்டுகிறார்கள், எதற்காக என்று நின்று கேட்கிற பழக்கம் வந்துவிட்டால் அப்புறம் நான் இந்த வேலையில் இருக்கக்கூடாது" என்றார்.

நீ எழுதினது எல்லாம் அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கினது. பஸ்ஸில் வரும்போதே என் கோபம் போய்விட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் உன் டிசம்பர் கடிதம் கிடந்தது. அத்தானுக்கு மந்திரி சொன்ன மரியாதையை வாசித்துக் காட்டினேன். "என்னையவா, பேரைச் சரியாப் பாரு" என்றார். அப்புறம் எழுந்து வெளியே போய் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

லீவை ரத்து செய்ததை வாசித்தும் நான் ஏன் உடனே எழுதவில்லை என்று கேட்பாய். அக்காள்காரி நான், எழுதாமலே வந்துவிடுவாய் என்று இருந்தேன். நம் வீட்டில் கோபத்தில் சொன்ன பேச்சை யார் மனதில் எடுத்தார்கள்? என் முகத்தில் முழிக்காதே என்று அம்மாவிடம் அப்பா வாரம் தவறாமல் சொல்லுவார், அடுத்த வேளைக்குச் சோறு போடு என்று வந்து உட்காருவார். நீயும் கோபக்காரியை நாலு வார்த்தை ஏசிவிட்டுப் பெட்டியோடு வந்து இறங்குவாய் என்று நினைத்தேன். விருதுநகர் ஸ்டேஷனுக்கு இரண்டு நாள் வண்டி அனுப்பினேன். வெறும் வண்டியாகத் திரும்பி வந்தது.

முதலாளி தம் காரையே கொடுத்தார். கோவில் வாசலில் கார் நின்றது. எல்லாரும் இறங்கியாயிற்று, இன்பம் இறங்கவில்லை. நீ அனுப்பின சேலைதான் கட்டியிருந்தாள். "மாமா வரட்டும்" என்றாள். பாதிரியார் ஆள்மேல் ஆள் அனுப்புகிறார், மாப்பிள்ளை வீட்டார் எட்டிப் பார்க்கிறார்கள். "ஏட்டி, நேரமாகுது, இறங்கு" என்றேன். "மாமாவுக்குத் தந்தி அடிச்சீகளாம்மா? எப்ப வருவாக?" என்று கேட்டாள். ஊரே பார்க்க அந்தக் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னேன், வரவேண்டாம் என்று நான்தான் எழுதினேன் என்று. அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன். உன் அத்தான் கை நீட்டினார். "அது மாமா பிடிக்க வேண்டியது" என்று சொல்லிவிட்டு யார் கையையும் பிடிக்காமல் தானாக இறங்கினாள்.

சாயங்காலம் பொட்டலில் கல்யாண வாணம் விட ஏற்பாடு. எல்லாம் வெள்ளை மணிதான். ஊர் பூராவும் கூடிவிட்டது. திரியைக் கொளுத்தப் போனார்கள், உன் அத்தான் கையைக் காட்டி நிறுத்தினார். "பொறுங்கப்பா. பிளேன் போகட்டும்" என்றார். வெள்ளைக்குத் தடை இல்லையே என்று முதலாளி சொன்னார். "தடை இல்லதான் முதலாளி. போகட்டும்" என்றார்.

அன்றைக்குப் பார்த்து விமானம் தாமதம். ஒருவரும் முணுமுணுக்கவில்லை, தம்பி. மேளக்காரர்களும் நிறுத்திவிட்டார்கள். இருநூறு முந்நூறு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறோம். குழந்தைகள்கூடச் சத்தம் போடவில்லை. அப்புறம், முழுதும் இருட்டுமுன், மேற்கே சின்னதாகச் சத்தம் கேட்டது. சிவப்பாக ஒரு விளக்கும் பச்சையாக ஒரு விளக்கும் இறக்கை நுனியில் மினுக்கிக்கொண்டு அது மலையைத் தாண்டி வந்தது. எங்கள் தலைக்கு மேலே நேராக, ஒரு பக்கமும் விலகாமல் போயிற்று. எந்த மந்திரி உத்தரவிலும் நாங்கள் அப்படி நிற்கவில்லை. உள்ளே இருக்கிறவர்கள் யார் எவர் என்று தெரியாது, அவர்கள் பத்திரமாகப் போகவேண்டும் என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் நீ நிற்கவேண்டிய இடத்தில் முத்துப்பேச்சி நின்றாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அந்த விமானி சொன்னாரே, கண்டதும் திரும்பிவிட்டேன் என்று. நீயும் அப்படித்தான் திரும்பிப் போய்விட்டாய். யார் காட்டினது, எந்த மனதோடு காட்டினது என்று கேட்கவில்லை. உன்னைக் குற்றம் சொல்லவில்லை. பொய் வெளிச்சம் காட்டினவள் நான்.

இன்பமும் மாப்பிள்ளையும் மறுவீட்டுக்கு அடுத்த மாதம் முதல் ஞாயிறு வருகிறார்கள். அவள் இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. நீ சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படுகிறவன் என்று எனக்கு இப்போது தெரியும். அதனால் பூடகம் ஒன்றும் இல்லாமல், விளங்குகிறாற்போல் சொல்லுகிறேன்.

வா.

உன் அக்காள்,
ஞானபூரணி